பின் இருக்கையில் பெட்ரோல் வாடை

கடந்த மே மாதம் ஒரு காலை வேளையில், எங்கள் குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தத்தில் காரின் பின் கதவைத் திறந்த அம்மா, ஒரு காலை உள்ளேயும் மறு காலை வெளியேயும் வைத்தபடியே நின்று, "என்னப்பா, உள்ள பெட்ரோல் வாடை அடிக்குதே?" என்று கேட்டார். முந்தின நாள் மாலைதான் டேங்கை நிரப்பியிருந்தேன் என்பதால், பங்க்கில் கொஞ்சம் சிந்தியிருக்கும் என்று சமாதானம் சொன்னேன். "சிந்தினா வெளிய அடிக்கணும். உள்ள எதுக்கு அடிக்குது?" என்றார். முப்பது ஆண்டுகள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு குடும்பம் நடத்தியவரின் மூக்கு அது. அந்தக் கேள்வியிலேயே விடை பாதி இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்வதற்கு ஐந்து வாரங்களும் சில ஆயிரம் ரூபாயும் ஆயின.

எங்களுடையது 2014-ஆம் ஆண்டு வாங்கிய, 35 லிட்டர் டேங்க் கொண்ட சின்ன பெட்ரோல் கார். அப்போது 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் கணக்குப் பதிவேடுகளோடு பிழைப்பு நடத்துகிறவன். டயர் மாற்றவும் ஆயில் பார்க்கவும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஆகவே இதை ஒரு மெக்கானிக் எழுதியதாக எண்ணிப் படிக்க வேண்டாம். ஒரு வாடையின் பின்னால் அலைந்தவனின் பதிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வாடையை அலட்சியப்படுத்தக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடக்கூடிய பொருள் அது என்றால், சென்னை மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். நல்ல வேளையாக மனித மூக்கு அதற்குப் பல ஆயிரம் மடங்கு குறைந்த அளவிலேயே வாடையைப் பிடித்துவிடுகிறது. எனவே வாடை வந்துவிட்டதாலேயே வண்டி எரியப் போகிறது என்று பொருளில்லை. எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்பதே பொருள். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தங்கும். காற்றோட்டமில்லாத அடித்தளத்தில் ஐம்பது கார்களுக்கு நடுவே அப்படித் தங்குவதை நான் விரும்பவில்லை. நம் ஊர் பெட்ரோலில் ஒரு சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம் என்பதும், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதும் இன்னொரு காரணம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் முதலில் செய்தது, ஏசி துவாரத்தில் ஒரு ஜெல் வாசனை டப்பாவை மாட்டியதுதான். அது இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். மல்லிகையும் பெட்ரோலும் கலந்த அந்த நாற்றம் இன்னும் நினைவில் நிற்கிறது. அதைவிட, இருந்த ஒரே தடயத்தையும் அது மூடி மறைத்துவிட்டது.

அடுத்த வாரம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பெயர் வேண்டாம். பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று புது மூடி போட்டார்கள், 650 ரூபாய். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள், 1,400 ரூபாய். அடுத்த முறை, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கும் கிளீனிங் செய்துவிடலாம் என்றார்கள். வண்டியைத் திரும்ப எடுத்தபோது வாடை இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; மூடியின் ரப்பர் உண்மையிலேயே வெடித்திருந்தது. ஆனால் வண்டியை அவர்களிடம் விட்ட நாளில் டேங்கில் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது என்பதை அவர்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பாதி டேங்கில் எங்கள் காரின் பின் இருக்கைப் பக்கம் என்றைக்குமே நாறியதில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

ஜூன் முதல் வாரத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு திருமணம். முந்தின இரவு டேங்கை நிரப்பி வந்து நிறுத்தினேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் பட்டுப்புடவையோடு நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டே போனோம். வழியில் கவனித்த ஒன்று எனக்கு உதவியது. புறப்பட்ட பத்து நிமிடத்தில் வாடை போய்விட்டது என்று நான் நினைத்தேன். டோல்கேட்டுக்கு முன்னால் டீ குடிக்க இறங்கி, கால் மணி நேரம் வெளிக்காற்றில் நின்றுவிட்டுத் திரும்பி ஏறியபோது அது அப்படியே முகத்தில் அடித்தது. வாடை எங்கும் போகவில்லை. என் மூக்குதான் அதற்குப் பழகிப்போயிருந்தது. வாடையைத் தேடுகிறவர் தன் மூக்கை ஐந்து நிமிடத்துக்கு மேல் நம்பக் கூடாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

திருமணத்திலிருந்து திரும்பியதும் ஜெல் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மாவின் பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். தேதி, நேரம், டேங்க் முள் எங்கே நிற்கிறது, எஞ்சின் சூடா ஆறியதா, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா, கண்ணாடி ஏற்றியதா இறக்கியதா, ஏசியில் வெளிக்காற்று வைத்திருக்கிறதா உட்காற்று சுழல்கிறதா, வாடை முன்னாலா பின்னாலா என்று ஒரு கோடு போட்டு எழுதினேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வெளியே நின்ற பிறகே உள்ளே போய் மோந்து பார்ப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். அடித்தளத்தில் காரின் நான்கு கதவுகளுக்கும் மாறி மாறித் தலையை நுழைத்து எடுக்கும் என்னைக் காவலாளி இரண்டு நாள் விநோதமாகப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரையே மோந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். புது மூக்கு எப்போதும் நல்லது.

மூன்று வாரத்தில் அந்த நோட்டு சொன்னது இரண்டு வெவ்வேறு கதைகளை. ஒன்று, முள் முக்காலுக்கு மேல் நிற்கும்போது மட்டும், இரவு முழுக்க மூடி வைத்த வண்டியில், காலையில் பின் இருக்கைப் பக்கம் வரும் வாடை. முக்காலுக்குக் கீழே இறங்கியதும் அது முற்றிலும் இல்லை. இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது: நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சிக்னலில் நிற்கும்போது, ஏசியை வெளிக்காற்றில் வைத்திருந்தால் மட்டும், முன் துவாரத்திலிருந்து மெல்லிய வாடை. இது டேங்க் கால் அளவில் இருந்தபோதும் வந்தது. இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணியதால்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிற்பாடு மெக்கானிக்கிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வண்டியின் கதை என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் முன்பக்கம் வாடை வந்து, சூடானதும் நின்றுவிட்டால், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்கள் இறுகிச் சுருங்கியிருக்கலாம்; எஞ்சின் சூட்டில் அவை விரிந்து மீண்டும் அடைத்துக்கொள்ளும். புகைக்குழாயில் மட்டும் பச்சைப் பெட்ரோல் வாடை வந்து மைலேஜும் குறைந்தால், கசிவைத் தேடாதீர்கள். எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது, ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் சென்சாரையும் பாருங்கள். ஆயில் பார்க்கும் குச்சியை உருவினால் அதில் பெட்ரோல் வாடை அடித்து ஆயில் அளவும் ஏறியிருந்தால், ஏதோ ஓர் இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். இவை எதற்கும் டாஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். டேங்கின் ஆவிக் கசிவைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாக் கார்களிலும் இல்லை. எங்கள் காரை ஸ்கேனரில் மாட்டியபோது பிழை எதுவும் இல்லை என்றுதான் காட்டியது. வண்டிக்கு அடியில் ஈரமாகச் சொட்டுகிறது என்றால் மட்டும் நோட்டும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம்: ஸ்டார்ட் செய்யாமல் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய், பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆளை அங்கேயே வரவழைக்க வேண்டும்.

நோட்டை எடுத்துக்கொண்டு அயனாவரத்தில் மெக்கானிக் பாய் ஒருவரின் ஷெட்டுக்குப் போனேன். நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியது. பாய் பானெட்டைத் திறக்கவில்லை. "எப்போ வருது சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. நோட்டை நீட்டினேன். நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இவ்ளோ எழுதிட்டீங்க, அப்புறம் நான் எதுக்கு?" என்று சிரித்தபடி நேராகப் பின் கதவைத் திறந்து, பின் இருக்கையின் உட்காரும் பகுதியை இரண்டு கைகளாலும் மேலே தூக்கினார். பல சின்ன கார்களில் பெட்ரோல் டேங்க் பின் இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கும் நமக்கும் நடுவே கையகலத் தகடு ஒன்றுதான் இருக்கிறது என்பது தெரியாது. அந்தத் தகட்டின் கீழே டேங்கின் வாய் இருக்கிறது. பெட்ரோல் பம்பு அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கி நிற்கும். வாயைச் சுற்றி ஓர் ஓ-ரிங், அதை அழுத்திப் பிடிக்க மரையுள்ள பெரிய பிளாஸ்டிக் வளையம்.

தகடு ஒரு பக்கம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் வாடை குப்பென்று எழுந்தது. மேலே படிந்திருந்த செம்மண் தூசியில் ஒரு பக்கம் மட்டும் பிறைபோலக் கறுத்த கறை. பாய் தூசியைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, சாக்பீஸ் ஒன்றைப் பொடித்து வளையத்தைச் சுற்றி வெள்ளையாகத் தூவினார். தகட்டை மட்டும் மூடிக்கொண்டு, பங்க்கில் டேங்கை நிரப்பி, இடமும் வலமுமாக நான்கு திருப்பங்கள் எடுத்து, இரண்டு இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பினோம். தகட்டைத் தூக்கிப் பார்த்தால், இடது பக்கத்தில் ஏறத்தாழ நான்கு விரல் நீளத்துக்குச் சாக்பீஸ் தூள் நனைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. டேங்க் நிறைந்திருக்கும்போது பெட்ரோல் அந்த வாய்வரை அலையடித்து ஏறுகிறது, முக்காலுக்குக் கீழே இறங்கியதும் எட்டுவதில்லை. முள்ளோடு வாடை ஏறி இறங்கியதன் காரணம் அவ்வளவுதான். அம்மா கேட்ட "உள்ள எதுக்கு அடிக்குது" என்பதற்கு விடையும் அந்தத் தூக்கிக்கொண்ட தகடுதான்.

டேங்கைத் திறக்கும் வேலையை அன்றைக்கே செய்ய மறுத்துவிட்டார். கால் டேங்குக்குக் கீழே ஓட்டித் தீர்த்துவிட்டு வாருங்கள் என்றார். அடுத்த வாரம் போனபோது அவர் செய்த முன்னேற்பாடுகளைப் பார்த்த பிறகு, இந்த வேலையை வீட்டு வாசலில் நாமே செய்யலாம் என்ற ஆசை எனக்கு அறவே போய்விட்டது. வண்டியை ஷெட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தார். பம்பின் ஃபியூஸை உருவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, அது தானாகவே அணையும்வரை காத்திருந்தார். குழாயில் மூன்று நான்கு பார் அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் அப்படித்தான் அடங்கும், இல்லாவிட்டால் குழாயைக் கழற்றியதும் முகத்தில் பீச்சும். பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றினார். தலையில் மாட்டும் எல்இடி விளக்கைத் தள்ளி நின்றே போட்டுக்கொண்டார். தீயணைப்பு உருளையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். கடைசியாக, பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு நடந்து போய், அரை மணி நேரம் டீ குடிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

வளையத்தைத் தளர்த்த உளியும் இரும்புச் சுத்தியலும் எடுக்கவில்லை. மரக்கட்டையை முனையில் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டித் திருப்பினார். பம்பை மெல்ல உயர்த்தியதும் ஓ-ரிங் கையோடு வந்தது. அதைப் பழைய பள்ளத்தில் மீண்டும் வைத்துக் காட்டினார்: பள்ளத்தில் உட்காராமல் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளைந்து மேலே எழும்பி நின்றது. பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பி நீண்டுவிடும், அதனால்தான் ஒருமுறை கழற்றிய ஓ-ரிங்கைத் திரும்பப் போடக் கூடாது என்றார். இடது பக்கத்தில் அது நாடாபோல் தட்டையாக நசுங்கியிருந்தது. அந்த இடத்தில் கறுப்பு சிலிகான் பேஸ்ட் பூசி அடைத்த தடம், நூல் நூலாகப் பிய்ந்து வந்தது. அந்தப் பேஸ்ட் பெட்ரோலைத் தாங்காது. கரைந்து உதிர்ந்தால் பம்பின் சல்லடையையும் அடைக்கும்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. 2022-இல் திண்டிவனத்துக்கு அருகே இரவு பத்து மணிக்கு இந்தக் கார் நின்றுபோய், நெடுஞ்சாலையோர ஷெட் ஒன்றில் பம்பை மாற்றிக்கொண்டு வந்தோம். அந்த நேரத்தில் அந்த மனிதருக்குப் புது ஓ-ரிங் எங்கே கிடைத்திருக்கும்? பழையதையே போட்டு, உட்காராத இடத்தில் பேஸ்ட்டைப் பூசி, எங்களை வீடு சேர்த்துவிட்டார். அதற்கு இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். ஊர் திரும்பியதும் அதைத் திறந்து புதிது போடச் சொல்லாமல் மூன்று ஆண்டுகள் ஓட்டியது என் தவறு.

புது ஓ-ரிங்கை ஜி.பி. ரோட்டில் வாங்கி வைத்திருந்தேன், கம்பெனி ஒரிஜினல், 240 ரூபாய். பாதி விலைக்கு ஒன்றையும் காட்டினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன, ஆனால் எந்த ரப்பரில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாத பொருளை டேங்க் வாயில் வைக்க மனம் வரவில்லை. பள்ளத்தைத் துணியால் துடைத்து, ஓ-ரிங்கை முறுக்கில்லாமல் உட்கார வைத்து, பம்பின் தலையிலுள்ள அம்புக்குறியும் டேங்கிலுள்ள கோடும் நேராக வரும்படி இறக்கி, வளையத்தை அதன் நிறுத்தக் குறிவரை முறுக்கினார். ஃபியூஸையும் பேட்டரியையும் மீண்டும் மாட்டி, சாவியை மூன்று முறை போட்டுப் போட்டு எடுத்தார். ஒவ்வொரு முறையும் பம்பு இரண்டு மூன்று வினாடிகள் முனகி அழுத்தத்தை ஏற்றியது. டிஷ்யூ தாளால் இணைப்புகளைச் சுற்றித் துடைத்து, தாள் உலர்ந்திருப்பதை எனக்கும் காட்டிவிட்டுத்தான் தகட்டைப் புது ஒட்டு நாடாவின் மேல் அழுத்தி மூடினார். கூலி 900 ரூபாய்.

இந்தக் கதையைச் சொன்ன இடத்திலெல்லாம், "எல்லாம் அந்த எத்தனால் பெட்ரோலால் வந்தது" என்ற பதில் தவறாமல் வந்தது. அதில் பொருளில்லாமல் இல்லை. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தயாரான கார்களில்தான் அதைத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கட்டாயமாயின. 2014 வண்டியின் பழைய ரப்பர்கள் எத்தனாலில் கூடுதலாக ஊறி உப்புவது நடக்கக்கூடியதே. ஆனால் எங்கள் வண்டியில் கசிந்தது, ஒருமுறை கழற்றித் திரும்பப் போட்டு, பேஸ்ட்டால் ஒட்டுப்போட்ட ஓ-ரிங். எந்தப் பெட்ரோலை ஊற்றியிருந்தாலும் அது ஒருநாள் கசிந்திருக்கும். கண்ணெதிரே ஒரு காரணம் பிறைவடிவில் கறுத்துக் கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பின் இருக்கை வாடை அன்றோடு நின்றது. சிக்னல் வாடை நிற்கவில்லை. நோட்டில் அதுவும் எழுதியிருந்ததால், இந்த முறை நான் பதறவில்லை. பாயும் "அது வேற கேஸ்னு முன்னாடியே சொல்லிச்சே உங்க நோட்டு" என்றார்.

டேங்கில் எழும் ஆவியை அப்படியே வெளியே விடக் கூடாது என்பதற்காகக் கார்களில் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா இருக்கும், கேனிஸ்டர் என்பார்கள். டேங்கிலிருந்து வரும் ஆவி அந்தக் கரிக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ள, சுத்தமான காற்று மட்டும் மறுமுனை வழியே வெளியேறும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு எனும் சின்ன மின்வால்வு விட்டுவிட்டுத் திறந்து, கரியில் ஒட்டிய பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினிலேயே எரித்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, டேங்கிலிருந்து வரும் குழாயும் எஞ்சினுக்குப் போகும் குழாயும் கரியின் ஒரே பக்கத்தில்தான் சேர்கின்றன. ஆகவே எஞ்சினுக்குப் போகும் குழாயில் எங்காவது வெடிப்பு விழுந்தால், ஆவிக்குக் கரியைக் கடக்க வேண்டிய வேலையே இல்லை. அது பாட்டுக்கு நேராக அந்த வெடிப்பு வழியே வந்துவிடும். எங்கள் வண்டியில் அந்த ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் பின்னால் வளைந்து, ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய்க்கு ஒரு முழ தூரத்தில்தான் போகிறது. ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சிக்னலில் நின்றால் உள்ளே வரும்.

குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டு, பாய் அதை இரண்டு முனையிலும் கழற்றினார். ஒரு முனையில் போல்ட் ஒன்றைச் சொருகி அடைத்து, மறு முனையில் சைக்கிள் பம்பை மாட்டி, பஞ்சர் கடையில் டியூபைப் போடுவதுபோலவே வாளித் தண்ணீரில் முக்கி, பையனை மெதுவாகக் காற்றடிக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. வளைவை விரலால் கொஞ்சம் நிமிர்த்தியதும் அதன் அடிப்பக்கத்திலிருந்து சரசரவென்று ஊசிமுனைக் குமிழ்கள் ஏறின. பதினோரு ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர், வளைவின் உட்புறத்தில் மயிரிழையாக வெடித்திருந்தது. பொருத்திய நிலையில் அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது. மாற்றுக் குழாய் 310 ரூபாய். சாதாரணத் தண்ணீர்க் குழாயையோ பைக் பெட்ரோல் குழாயையோ வெட்டிப் போட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பழையதைக் கொடுத்து அதே எண்ணுள்ளதை வாங்கி வரச் சொன்னார்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டார். "பங்க்ல ஆட்டோ கட் ஆனப்புறம் ரவுண்ட் பண்ண விடுவீங்களா?" விடுவேன். எல்லோரும் விடுகிறோம். நாஸிலின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது; டேங்கில் பெட்ரோல் உயர்ந்து அந்தத் துளையை மூடியதும் காற்று தடைப்பட்டு, நாஸில் தானாக நின்றுவிடுகிறது. அதற்கு மேல் டேங்கில் விட்டுவைத்திருக்கும் இடம் பெட்ரோல் சூடாகி விரிவதற்கானது. நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் வெயிலில் 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், 35 லிட்டர் ஏறத்தாழ அரை லிட்டர் விரியும். அந்த இடத்திலும் ஊற்றி, பில்லை 2,900 ரூபாயாக்கிக்கொள்ளலாம் என்று சொட்டுச் சொட்டாக நிரப்பினால், விரிந்த பெட்ரோல் ஆவிக்குழாய் வழியே திரவமாகவே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். ஆவியைப் பிடிக்கச் செய்த கரி, பெட்ரோலில் குளித்தால் அதன்பின் உதவாது. எங்கள் கேனிஸ்டர் அப்படி ஆகிவிட்டதா என்று பாய் கழற்றிக் கையில் எடை பார்த்தார், கவிழ்த்தும் பார்த்தார், சொட்டவில்லை. புதியதன் விலையைச் சொன்னபோது, அதைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது என்று எனக்கும் தோன்றியது. சில்லறை இல்லாத காலத்தில் ரவுண்ட் பண்ணுவதற்கு ஒரு காரணமாவது இருந்தது; போனில் காசு அனுப்பும்போது 2,861 ரூபாய் 40 பைசாவுக்கு என்ன குறை என்று தெரியவில்லை.

சரியாகிவிட்டது என்று இந்த முறை நான் அறிவிக்கவில்லை. டேங்கை ஆட்டோ கட் வரை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வண்டியை மொட்டை வெயிலில் நிறுத்தி வைத்தேன். இரவு முழுக்க அடித்தளத்தில் மூடி வைத்தேன். காலையில் அம்மாவை அழைத்து, ஒன்றும் சொல்லாமல் பின் கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலை வெளியில் வைத்தபடியே நின்றார், பிறகு உட்கார்ந்தார், இருக்கைக்கும் சாய்வுக்கும் நடுவே குனிந்து முகர்ந்தார். "இப்ப ரப்பர் வாடைதான் அடிக்குது" என்றார். தகட்டுக்கு அடியில் ஒட்டிய புது நாடாவின் வாடை அது. ஒரு வாரத்தில் அதுவும் போனது. பால் கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே "முள் முழு, பின்பக்கம் இல்லை, முன்பக்கம் இல்லை" என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஏழு முறை டேங்க் நிரப்பியாகிவிட்டது, ஏழிலும் அதே வரிதான். நோட்டு இன்னும் டாஷ்போர்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.